எருமை விழுந்து கிடக்கும் வில்லு

சைக்கிள் திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நெளிந்த சக்கரச் சில்லு ஒன்றை நிமிர்த்திவிட்டால் போதும், உலகத்தில் நெளிந்து கிடக்கிற எல்லாவற்றையும் தங்களால் நிமிர்த்த முடியும் என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள். ரேடியோ, தண்ணீர்ப் பம்பி, பக்கத்து வீட்டுப் புருசன் பெண்சாதிச் சண்டை, எல்லாவற்றுக்குள்ளும் கையை விடுவார்கள். அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த வயதில்தான் நான் ஒரு வில் செய்தேன். என் இடது புருவத்தின் நடுவில் மயிர் முளைக்காத கோடு ஒன்று இருக்கிறதே (பலர் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்), அது அந்த வில் தந்த பரிசு.

சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்து போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது. பனிச்சங்கேணிச் சந்தியில் நாலு கப்புத் தடியும் ஓலைக் கூரையுமாக என் சைக்கிள் கடை இருந்தது. கடல் அதை ஒரே இழுப்பில் கழற்றிக்கொண்டு போயிற்று. இரும்பைப் பிடித்து இறுக்குகிற வைஸ் மட்டும் பாரத்தில் மண்ணுக்குள் தாழ்ந்து தப்பியது. அதைக் கிண்டி எடுத்து, அக்காவின் தரப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மரக்குற்றியில் பூட்டி, மறுபடியும் கடை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சைக்கிள்கள்தான் வரவில்லை. அவையும் கடலோடு போயிருந்தன.

கடை போனதை நான் பெரிதாகச் சொல்லக்கூடாது. அக்காவுக்கும் அத்தானுக்கும் போனது வேறு. அன்று காலை அத்தான் ஆழக்கடலில் நின்றார். தோணிக்குக் கீழால் அலை போனதே அவருக்குத் தெரியாது. கரைக்குத் திரும்பியபோது ஊர் இருக்கவில்லை. மிதந்து வந்த மரங்களில் அடிபட்டுத் தோணியும் பிளந்தது. வளவில் நின்ற பூவரசை அக்கா ஒரு கையால் பிடித்திருந்தாள். மற்றக் கையில் மகன். தண்ணீர் அந்தக் கையைத்தான் பிரித்தது.

அதற்குப் பிறகு அத்தான் பேசுவதை விட்டுவிட்டார். ஓம், இல்ல, வேணாம். இவ்வளவும்தான் அவரிடம் மிச்சமிருந்த பேச்சு. எங்கே இருந்தாலும் ஊரைத் தொட்டுக் கிடக்கிற கடல்நீர்க் களப்புக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பார். வாளித் தண்ணீரில் கையை விட்டுக் குளிக்கக்கூட மாட்டார், அக்காதான் அள்ளி ஊற்றுவாள். கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்த மனிதர் ஒரு வாளித் தண்ணீருக்குப் பயந்து நின்றதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடிக்கும்.

"இந்த மனிசனுக்கு ஒரு தோணி கிடைச்சா எழும்பிடுவார்டா தம்பி. தோணி இல்லாமத்தான் இப்பிடிக் கிடக்கார்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ட கண்ட தெய்வத்துக்கெல்லாம் நேர்த்தி வைத்தாள். தனக்கென்று ஒரு சேலை கூடக் கேட்டதில்லை. ஒரு தோணி, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு வராத நிவாரண வாகனம் இல்லை. ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு சின்னம். ஒருவர் வாளி தந்தார். ஒருவர் நுளம்பு கடிக்காமல் படுக்க வலை தந்தார். ஒருவர் எங்களை வட்டமாக இருத்தி பலூன் ஊதச் சொன்னார். (ஊதினால் கவலை போகுமாம். ஊதினோம். பலூன்தான் போனது.) அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பீற்றர் என்ற வெள்ளைக்காரர். அவருக்கு மொழிபெயர்க்க ரமணன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன் வந்திருந்தான். நல்ல பொடியன், அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தான். எங்கள் சனம் வேடர் வழி என்று யாரோ கொழும்பில் பீற்றரிடம் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான், எங்கள் தாய்வழி அதுதான். அதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை. அதற்காக எங்கள் வீட்டில் யாரும் வில்லும் அம்புமாகத் திரிந்ததும் இல்லை. என் அப்பாவின் ஆயுதம் வலை. என்னுடையது ஸ்பானர்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போனால் மிச்சக் கதை விளங்காது. எங்கள் பக்கத்தில் வில்லு என்றால் பள்ளக் காணியில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிற நீர்நிலை. குளம் மாதிரித்தான், ஆனால் யாரும் கட்டியதில்லை. பொத்துவில், தம்பிலுவில் என்று ஊர்ப் பெயர்களின் வாலில் தொங்குவதும் இந்த வில்தான் என்பார்கள். அம்பு விடுகிறதும் எங்களுக்கு வில்லுத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூத்துக் காலம் தவிர அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சும்மா வில்லு என்று சொன்னால் ஊருக்குப் பின்னால் ஆம்பல் பூத்துக் கிடக்கிற வில்லுத்தான்.

ரமணனுக்கு அது தெரியாது. யாழ்ப்பாணத்தில் வில்லென்றால் ஒரே வில்தான்.

பீற்றர் எங்கள் கொட்டிலுக்கு முன்னால் வந்து, பேசாமல் இருந்த அத்தானைப் பார்த்து ஏதோ கேட்டார். ரமணன் குனிந்து மரியாதையாகக் கேட்டான்.

"ஐயா, உங்கட ஆக்களிட்ட இப்பவும் வில்லு இருக்கோ?"

அத்தான் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லி முடித்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"முந்தி ரெண்டு இருந்த. ஒண்டு கடல் வந்து உப்பாப் போச்சு. மற்றது இரிக்கி."

உள்ளே தேங்காய் திருவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எவ்வளவு காலம்!

"அதில என்ன ஐயா செய்யிறனியள்?"

"என்ன செய்யிற? வில்லுல மீன்தான் பிடிக்கிற. அப்பன் பாட்டன் காலத்தில இரிந்து அதுதானே வேல."

ரமணனின் கண் விரிந்தது. பீற்றரிடம் சொன்னான். பீற்றரின் கண் அதைவிட விரிந்தது.

"பெரிய வில்லோ?"

"மாரியில மனிசன் தாழுவான். கோடையில எருமை விழுந்து கிடக்கும்."

அங்கே நின்ற எங்களுக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. வில்லு அப்படித்தானே? கோடையில் எருமை சேற்றில் விழுந்துதானே கிடக்கும்? எருமையை விழுத்துகிற வில் ஒன்று இந்த ஊரில் இருப்பதாக ரமணன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்! பீற்றர் அத்தானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அத்தான் மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார். அக்கா மட்டும் கொட்டிலுக்குள் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து ரமணன் தனியே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முகமெல்லாம் பல்லு.

"அண்ணை, எங்கட ஒஃபிஸ் பெரியவ கொழும்பில இருந்து வாறா. நீங்கள் மீன் சுடுறதைப் பாக்க வேணுமாம்."

"சுடுறதா? அடுப்பிலயா?"

"இல்லையண்ணை, வில்லாலதான்!" என்று இடக்கையை நீட்டி வலக்கையைக் காதுவரை இழுத்துக் காட்டினான். "ஐயா சொன்னவர் எல்லோ. அதைப் பாத்திட்டா உங்கட குடும்பத்துக்குத்தான் முதல் தோணி. உறுதி."

தம்பி, நீ பிடித்த வில்லு வேறு, எங்கள் வில்லு வேறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அத்தான் தலையைத் திருப்பினார். தோணி என்ற சொல் காதில் விழுந்ததும் மாதக்கணக்காக முதுகு காட்டியிருந்த களப்பை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அதைக் கண்ட பிறகு எனக்கு எங்கே உண்மை வரும்?

"அதுக்கென்ன, சுட்டுக் காட்டுவம்" என்றது என் வாய்.

ரமணன் போனதும் அக்கா வெளியே வந்தாள். "உனக்கு வில்லு செய்யத் தெரியுமாடா?"

"சில்லு வேல தெரியும்தானே. சில்லுக்கும் வில்லுக்கும் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்."

"சும்மா பறையாம இரு. தோணி விசயம்டா இது."

காட்டுக்குள் போய் விண்ணாங்குத் தடி வெட்டலாம் என்றால், சண்டைக் காலத்தில் எங்கே என்ன கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருந்த ஒருவரும் அந்தப் பக்கம் போகத் துணியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்க, அக்கா பழைய வளவுக்குப் போய் ஒரு கொப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். பூவரசு. அலை முறித்துப் போட்ட கொப்பு. ஓர் ஆள் நீளம். நடுவில் முட்டிக்கால் மாதிரி ஒரு கணு. அதற்கு மேலே இடப்பக்கம் வளைந்து போய், கீழே வலப்பக்கம் முறுகி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வேறு ஒரு தடியாகத் தெரிந்தது.

எனக்கு அது எந்த மரம் என்று தெரியும். "வேற மரம் பாப்பம் அக்கா" என்றேன்.

"இந்த மரம் என்னைய விடல்ல தம்பி. நான்தான் அவன விட்டுட்டன்." கொப்பை என் காலடியில் போட்டாள். "இதிலயே செய்."

கொப்பைத் தூக்கி வைசில் பூட்டினேன்.

சில்லில் கோட்டம் எடுக்கும்போது, அது எங்கே கோட்டுக்கு வெளியே தள்ளி நிற்கிறதோ அங்கே இழுத்து உள்ளே கொண்டுவருவோம். அதைத்தான் இதற்கும் செய்தேன். நுனியிலிருந்து நுனிக்கு நூல் கட்டி, கரியால் ஒரு நேர்கோடு போட்டு, கொப்பு எங்கெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்றதோ அங்கெல்லாம் சீவித் தள்ளினேன். மரத்துக்குள் நார் ஓடுகிறது, அது வளைகிற வழியிலேயே கத்தியும் வளைந்து போக வேண்டும், வளைந்த கொப்பில் வளைந்த வில்தான் செய்யலாம் என்பதெல்லாம் புருவம் கிழிந்த பிறகு வந்த ஞானம். இரும்புக்கு நார் கிடையாதே! நான் நேராக்க நேராக்க நாரெல்லாம் குறுக்கே வெட்டுப்பட்டு வெளியே வந்தது. பார்க்க மட்டும் அழகாக இருந்தது.

கணு அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அரத்தால் ராவி மட்டமாக்கினேன். (கணு இருந்தால் அதைச் சுற்றி மரம் கூடுதலாக விடவேண்டுமாம். யார் கண்டது!) கீழ்ப்பாதியில் முறுக்கு இருந்ததால் அதில் கைவைக்கப் பயந்து, உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே விட்டேன். அந்தப் பயத்துக்கும் சேர்த்து மேல்பாதியைச் சீவினேன். உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டிச் சுரண்டி வழுவழுப்பாக்கினேன். இடியப்பப் பானையின் ஆவியில் காட்டி, வைசில் பூட்டி, நுனியில் அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டு இடியப்பமெல்லாம் பூவரசு மணத்தது.

நாணுக்கு முதலில் பிரேக் கம்பி போட்டேன். அது நுனியை வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு இறங்கியது. பிறகு மீன் பிடிக்கிற தங்கூசி நூலை முறுக்கிப் பூட்டினேன். பூட்டியதும் வில் மெதுவாகக் கிறுகித் திரும்பி, நாணை ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அம்புக்கு நாணல் தண்டும் சைக்கிள் கம்பியும். முழுசாக இழுத்துப் பார்க்கவில்லை. இழுத்து உடைந்துவிட்டால் என்ன செய்வது? (உடைவதென்றால் பெரியவர்கள் முன்னால்தான் உடைய வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.)

தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. அத்தான்.

"என்ன மச்சான் இது?"

மாதக்கணக்கில் அவர் கேட்ட முதல் கேள்வி. "வில்லு அத்தான்."

வாங்கிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, தோணியின் விளிம்பைப் பார்க்கிற மாதிரி நுனியிலிருந்து நுனிவரை பார்த்தார். கைபிடிக்கிற இடத்தில் நான் பட்டையைச் சீவாமல் விட்டிருந்தேன். அதைப் பெருவிரலால் தடவினார்.

"எங்கட வளவுப் பூவரசு."

"ஓம் அத்தான்."

இன்னொரு முறை தடவினார். பிறகு வில்லை என் மடியில் வைத்தார். "ஒரு பக்கம் துடுப்பு. மற்றப் பக்கம் ஈர்க்கு" என்றுவிட்டுப் போனார்.

அடுப்படியில் அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்கப் போகவில்லை. எனக்கே தெரியவில்லை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று.

அவர்கள் வந்த நாளில் ஊரே வில்லுக் கரையில் கூடிவிட்டது. பெரியவ பெரிய தொப்பி போட்ட, மெலிந்த, அமைதியான வெள்ளைக்காரப் பெண். படம் எடுக்க வேண்டும் என்று பீற்றர் என் சேர்ட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். என் நெஞ்சில் ஒரு வீரனுக்குரிய எதுவும் இல்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய எலும்புகள்தான் இருந்தன. முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். எனக்குச் சற்றுத் தள்ளி, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு ஓர் எருமை சேற்றில் கிடந்தது. அத்தான் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார். ஆனால் தூரத்தில், மருதமரத்தடியில், தண்ணீரைப் பார்க்காத பக்கமாக நின்றார். அக்கா அவருக்குப் பக்கத்தில் கையைக் கூப்பியபடி நின்றாள். எனக்கு மீனும் தெரியவில்லை, சனமும் தெரியவில்லை. அந்தக் கூப்பிய கைதான் தெரிந்தது. அக்காவின் தோணி என் கையில் முறுகிக்கொண்டு நின்றது.

"இப்ப சுடுவார்" என்று ரமணன் அறிவித்தான்.

ஆம்பல் இலைக்குக் கீழே ஏதோ அசைந்தது. அம்பைப் பூட்டினேன். இழுத்தேன். வில் ஒரு முறை முனகியது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

பிறகு நடந்ததை எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் அழகாக ராவி மட்டமாக்கிய கணுவில் வில் வெடித்ததாம். மேல்பாதி சுழன்று வந்து என் புருவத்தைக் கிழித்ததாம். அம்பு எனக்குப் பின்னால் போய் விழுந்ததாம். (பின்னால்! அதற்கு இன்றுவரை யாராலும் விளக்கம் சொல்ல முடியவில்லை.) நான் மல்லாக்க எருமையின் மேல் சாய, கோடையெல்லாம் விழுந்து கிடக்கும் எருமை அன்றைக்கு எழும்பியது. எழும்பியது மட்டுமா? சேறும் ஆம்பலுமாகக் கரையேறி, நேரே தொப்பிக்காரப் பெண்ணை நோக்கி ஓடியது. பீற்றர் ஒரு பக்கம், கமரா ஒரு பக்கம். ரமணன் மருதமரத்தில் பாதிவரை ஏறிவிட்டான்.

நான் தண்ணீருக்குள் கிடந்தேன். ஆழமில்லை, ஆனால் மண்டை கலங்கினவனுக்கு முழங்கால் தண்ணீரும் கடல்தான். கண்ணில் இரத்தம், வாயில் சேறு, காலில் தங்கூசி நூல். எழும்ப எழும்ப வழுக்கியது. அப்போது யாரோ என் தலைமயிரைப் பிடித்து மேலே தூக்கினார்கள்.

"எழும்புடா! எழும்பு, எழும்பு! விடமாட்டன், எழும்பு!"

அத்தானின் குரல். நான் கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். அத்தான் தண்ணீருக்குள் நின்றார்.

நான் எழும்பி நின்ற பிறகும் அவர் பிடியை விடவில்லை. என் தலையை நெஞ்சோடு அமத்தி வைத்துக்கொண்டு, மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழத் தொடங்கினார். கடல் வந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அந்த வில்லுக்குள் கொட்டியது. சிரித்துக்கொண்டிருந்த சனம் அப்படியே அடங்கிப்போயிற்று. நானும் அழுதேன். காயம் வலித்ததால்தான் என்று பிறகு சொல்லிக்கொண்டேன், யாரும் நம்பவில்லை.

அழுது ஓய்ந்ததும் அத்தான் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் முகத்தைக் கழுவினார். தன் முகத்தையும் கழுவினார். பிறகு மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ரமணனைப் பார்த்தார்.

"தம்பி, இஞ்ச வாங்க. அண்டைக்கு நான் சொன்ன வில்லு இதுதான்" என்று தண்ணீரை ஓங்கி அடித்தார். "இதிலதான் நாங்க மீன் பிடிக்கிற."

ரமணன் தண்ணீரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அப்ப… அந்த எருமை?"

"உங்களுக்குப் பின்னுக்கு நிக்கிது."

அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்ல! ஆனால் அவன் மறைக்கவில்லை. பெரியவவிடம் எல்லாவற்றையும் சொன்னான். தோணி போயிற்று என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவ சிரிக்கவில்லை. சேறு தெறித்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அழுத கண்ணோடு தண்ணீரில் நின்ற அத்தானையே பார்த்தாள். பிறகு ரமணன் மூலம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தோணி கிடைச்சா நீங்கள் திரும்பவும் தொழிலுக்குப் போவியளோ எண்டு கேக்கிறா."

அத்தான் அக்காவைப் பார்த்தார். "அவ விட்டா போவன்" என்றார்.

வில்லின் ஒல்லிப் பாதியை அடுப்பில் வைத்துத்தான் அன்றைக்கு விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி போட்டாள் அக்கா. நன்றாக எரிந்தது. அதற்காகவாவது அது உதவியது.

தோணி வந்தது. நீல நிறத் தோணி. துடுப்பு வரவில்லை. (துடுப்பு வேறு திட்டமாம்.) அத்தான் தானே ஒரு துடுப்புச் செய்துகொண்டார். அந்தப் பக்கம் நான் போகக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். அத்தான் முதல் நாள் களப்பில் இறங்கியபோது வில்லின் அகலப் பாதியைத் தூக்கித் தோணிக்குள் போட்டார். பெரிய மீன் பட்டால் மண்டையில் அடிக்க அது வசதியாக இருந்ததாம். ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்து மீனைக் காட்டி, "வில்லால பிடிச்ச மீன்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற சிரிப்புக்காக நான் இன்னும் நாலு புருவத்தைக் கிழித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. செல் குண்டு விழாத நாள் இல்லை என்று ஆனது. ஒரு காலையில் இனி இருக்க ஏலாது என்று தெரிந்தபோது, அக்காவையும் அயலட்டைச் சனத்தையும் ஏற்றிக்கொண்டு அந்த நீலத் தோணி களப்பில் இறங்கியது. அக்கா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். தோணி விளிம்புவரை தாழ்ந்து கிடந்தது. அத்தான் முன்னால் இருந்து துடுப்பு வலித்தார். ஒரு துடுப்புக்கு அந்தப் பாரம் அசையவில்லை. அக்கா காலடியில் கிடந்ததை எடுத்து என் கையில் தந்தாள். பூவரசு. உள்ளங்கை அகலம்.

நான் பின்னால் இருந்து அதால் வலித்தேன். அது நன்றாகத் தண்ணீர் பிடித்தது. பயத்தில் நான் சீவாமல் விட்ட பக்கம் அது. கைபிடியில் பட்டை இன்னும் இருந்தது. எங்களுக்குப் பின்னால் ஊர் புகைந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் தோணி முட்டியபோது என் கை இரண்டும் கொப்புளம், விரலை விரிக்க முடியவில்லை.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு அத்தான் அந்தப் பாதியைப் புது வீட்டு வாசலுக்கு மேலே ஆணியில் மாட்டினார். அகதி முகாமில் அக்காவுக்குப் பிறந்த மருமகள் இப்போது வந்தாறுமூலையில் கம்பஸ் படிக்கிறாள். நான் வாழைச்சேனையில் பெரிய கடை வைத்திருக்கிறேன், பெயர்ப்பலகை கூட உண்டு. ஆனால் அவள் தன் சிநேகிதிகளுக்கு என்னை அறிமுகப்படுத்துவது "எங்கட வில்லன் மாமா" என்றுதான். என் கலியாணப் பேச்சின்போது பெண்வீட்டார் இந்தப் பெயரைக் கேட்டுப் பயந்து, சந்தியில் வந்து என்னைப் பற்றி விசாரித்த கதை தனி.

வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் தலை நிமிர்ந்து, அது என்ன தடி என்று கேட்பார்கள். பேசவே மறந்திருந்த அத்தான் அப்போது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குவார். வில்லு, எருமை, தொப்பி, மருதமரம் ஒன்றும் விடமாட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். களப்பைக் கடந்த இடம் வந்ததும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

"அது ஒரு அம்பும் உருப்படியா விடல்ல" என்பார். "எங்களத்தான் கரையில விட்ட."

வந்தவர்கள் தடியைப் பார்ப்பார்கள். அக்கா கண்ணைத் துடைப்பாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மருமகளின் குரல் வரும்.

"எருமையையும் சேர்த்துச் சொல்லுங்க அப்பா. அதுதான் முதல்ல கரைக்கு வந்த."